குறியாக்கமற்ற நீள் ஆர்.என்.ஏ: சொல்லப்படும் பணிகளும் நிறுவப்பட்ட பணிகளும்

குறியாக்கமற்ற நீள் ஆர்.என்.ஏ என்பது 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீளமுள்ள, ஆனால் புரதமாக மொழிபெயர்க்கப்படாத ஆர்.என்.ஏ மூலக்கூறுகளின் பொதுப்பெயர். டி.என்.ஏவிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ ரைபோசோமுக்குச் சென்று புரதம் கட்டுவதற்கான செய்தியைத் தருகிறது என்பது பள்ளிப் பாடம். நீள் ஆர்.என்.ஏயும் பெரும்பாலும் அதே ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 2 நொதியால்தான் படியெடுக்கப்படுகிறது. தூது ஆர்.என்.ஏவைப் போலவே ஒரு முனையில் தொப்பியும் மறுமுனையில் அடினைன் வாலும் பெறுகிறது. இடையிலுள்ள இன்ட்ரான்கள் வெட்டி நீக்கப்படுகின்றன. இவ்வளவும் நடந்த பிறகு புரதம் எதுவும் வருவதில்லை.

அப்படியானால் அது செல்லில் என்ன செய்கிறது? பாடநூல்களும் இணையக் கட்டுரைகளும் இதற்குத் தரும் விடை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது: அது அறிகுறியாக இருக்கும், புரதங்களைத் திசைதிருப்பும் பொறியாக இருக்கும், வழிகாட்டியாக இருக்கும், பல புரதங்களைத் தாங்கும் சாரமாக இருக்கும். இந்த நான்கு வகைப் பட்டியல் 2011இல் கெவின் வாங், ஹோவர்ட் சாங் ஆகியோர் ‘மாலிகுலர் செல்’ இதழில் எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரையால் பரவலானது. நினைவில் வைக்க எளிது. தேர்வில் எழுதவும் எளிது. பட்டியலில் தவறு இல்லை. ஒவ்வொரு வகைக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் ஆர்.என்.ஏ அந்தப் பணியைச் செய்கிறது என்பது எந்த அளவுக்கு மெய்ப்பிக்கப்பட்டது என்ற கேள்வியைத்தான் அது மறைத்துவிடுகிறது. சிலவற்றுக்குச் சான்று உறுதியானது. சிலவற்றுக்கு அது மெலிந்தது. மிகப் புகழ்பெற்ற ஒன்றுக்குச் சான்று ஏறக்குறைய கலைந்தே போய்விட்டது.

இல்லாததைக் கொண்டு வைத்த பெயர்

வரையறையிலேயே சிக்கல் தொடங்குகிறது. 200 என்ற எண்ணுக்கு உயிரியல் காரணம் ஏதுமில்லை. ஆர்.என்.ஏவைப் பிரித்தெடுக்கும் வழக்கமான ஆய்வக முறைகளில் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறைந்த துண்டுகள் நழுவிவிடும் என்பதால் வந்த எல்லை அது. 2023இல் இத்துறையின் முன்னணி ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை இந்த எல்லையை 500 நியூக்ளியோடைடுகளாக உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. ‘குறியாக்கமற்ற’ என்ற அடைமொழியோ ஒரு பொருளை அது எது அல்ல என்பதைக் கொண்டு அடையாளப்படுத்துகிறது. ஓர் ஊரில் உள்ளவர்களை ‘உழவர் அல்லாதோர்’ என்று ஒரே பெயரில் அடைத்துவிட்டு, அவர்களுடைய தொழில் என்ன என்று கேட்பதைப் போன்றது இது. கொல்லரும் ஆசிரியரும் வேலையே இல்லாதவரும் அந்தப் பெயருக்குள் இருப்பார்கள்.

அந்த அடைமொழியும் எப்போதும் மெய்யாக இருப்பதில்லை. ஒரு ஆர்.என்.ஏவில் 100 அமினோ அமிலங்களுக்குக் குறைந்த வாசிப்புச் சட்டகம் மட்டுமே இருந்தால் அது புரதம் தராது என்று கொள்வது நெடுநாள் வழக்கமாக இருந்தது. எரிக் ஓல்சனின் ஆய்வகம் 2015இல், எலும்புத் தசையில் மட்டும் காணப்படும், குறியாக்கமற்றது என்று பட்டியலிடப்பட்டிருந்த ஓர் ஆர்.என்.ஏ உண்மையில் 46 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தைத் தருகிறது என்று காட்டியது. மையோரெகுலின் எனப் பெயரிடப்பட்ட அப்புரதம் தசைச் செல்லின் கால்சியம் பம்பைக் கட்டுப்படுத்துகிறது. அந்த ஆர்.என்.ஏவுக்கு முன்பே யாராவது ‘வழிகாட்டி’ என்றோ ‘சாரம்’ என்றோ பெயர் சூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

எண்ணிக்கை தந்த மயக்கம்

மனித மரபணுத்தொகுதியில் புரதம் தரும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. அவற்றின் புரதக் குறியாக்கப் பகுதிகள் மொத்த டி.என்.ஏவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நீள் ஆர்.என்.ஏ மரபணுக்களின் எண்ணிக்கையோ எந்தத் தரவுத்தளத்தைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. நோன்கோட் தரவுத்தளம் மனிதருக்கு 96,000க்கும் மேல் கணக்கிடுகிறது. கவனமாகத் தொகுக்கப்படும் பட்டியல்களிலும் அந்த எண் புரத மரபணுக்களின் எண்ணிக்கைக்கு நிகராகவோ அதைத் தாண்டியோ நிற்கிறது.

இந்த எண்கள் தந்த உற்சாகம் 2012 செப்டம்பரில் உச்சத்தைத் தொட்டது. மனித டி.என்.ஏவின் 80 விழுக்காட்டுக்கு ஏதோ ஓர் உயிர்வேதியியல் செயற்பாட்டை ஒதுக்க முடிகிறது என்று என்கோட் கூட்டுத்திட்டம் அறிவித்தது. ‘குப்பை டி.என்.ஏ என்று எதுவும் இல்லை’ எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் என்கோட் அங்கே ‘செயற்பாடு’ என்று எண்ணியவற்றுள் ஓர் இடம் படியெடுக்கப்படுவதும் அடக்கம். டான் கிராவுரும் அவருடைய குழுவினரும் மறு ஆண்டே இதைக் கடுமையாக மறுத்தனர். இதயம் துடிக்கும்போது ஓசை எழுகிறது. அதற்காக ஓசை எழுப்புவது இதயத்தின் பணி ஆகிவிடாது. 2014இல் என்கோட் ஆய்வாளர்களே எழுதிய கட்டுரை, உயிர்வேதியியல் செயற்பாடு, பரிணாமத்தில் காக்கப்படுதல், நீக்கினால் விளைவு தெரிதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு வகைச் சான்றுகள் என்று ஒப்புக்கொண்டது.

இந்த விவாதத்தில் ரையன் கிரெகரி முன்வைத்த வெங்காயச் சோதனையை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. வெங்காயத்தின் மரபணுத்தொகுதி மனிதருடையதைப் போல ஏறக்குறைய 5 மடங்கு. குறியாக்கமற்ற டி.என்.ஏ முழுவதும் உயிரினத்தின் சிக்கலான கட்டமைப்புக்குத் தேவை என்று யார் சொன்னாலும், அதே விளக்கம் வெங்காயத்துக்கு மனிதரைவிட 5 மடங்கு டி.என்.ஏ எதற்கு என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். குழம்புக்கு வெங்காயம் நறுக்குபவர் அதில் மனிதனைவிட 5 மடங்கு சிக்கலை உணர்வதில்லை.

ஆர்.என்.ஏ பாலிமரேஸ் தவறே செய்யாத எந்திரம் அல்ல. குரோமாட்டின் திறந்திருக்கும் இடங்களில் அது தற்செயலாகவும் அமர்ந்து படியெடுக்கத் தொடங்கும். பல நீள் ஆர்.என்.ஏக்கள் சராசரியாக ஒரு செல்லுக்கு ஒரு மூலக்கூறு என்ற அளவுக்கும் கீழே இருப்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறைந்த அளவு பயனின்மைக்குச் சான்று ஆகாது. ஆனால் இருப்பு மட்டுமே பணிக்குச் சான்று என்றும் ஆகிவிடாது.

எக்ஸிஸ்ட்: சான்று எப்படி இருக்க வேண்டும்

துறையின் உறுதியான தூண் எக்ஸிஸ்ட். பெண் பாலூட்டிகளின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைக்கப்படுகிறது என்ற கருத்தை மேரி லயான் 1961இல் முன்வைத்தார். கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பெண் பூனையின் உடலில் இதை வெறும் கண்ணாலேயே காணலாம்: ஒரு திட்டில் ஓர் எக்ஸ், அடுத்த திட்டில் மற்ற எக்ஸ். 1991இல் ஹன்டிங்டன் வில்லார்டின் ஆய்வகத்தில் கரோலின் பிரவுனும் குழுவினரும், அணைந்த எக்ஸிலிருந்து மட்டுமே படியெடுக்கப்படும் ஒரு விந்தையான மரபணுவைக் கண்டனர். அதன் ஆர்.என்.ஏ ஏறத்தாழ 17,000 நியூக்ளியோடைடு நீளம். புரதம் எதுவும் தருவதில்லை; உட்கருவை விட்டு வெளியேறுவதும் இல்லை; தான் பிறந்த குரோமோசோமின் மேலேயே போர்வையாகப் படர்ந்துகொள்கிறது.

இதுவரை உள்ளது இருப்பும் இடமும் மட்டுமே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இது இருந்திருக்கலாம். அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1996இல் சுண்டெலியில் எக்ஸிஸ்ட் மரபணுவைக் குலைத்தபோது, அந்த எக்ஸ் குரோமோசோமால் அணைய முடியவில்லை. ஆர்.என்.ஏ தேவை என்று தெரிந்தது. அது போதுமானதா? ஆன்டன் வுட்ஸும் ருடால்ஃப் யேனிஷும் வேண்டும்போது இயக்கவும் நிறுத்தவும் கூடிய எக்ஸிஸ்ட்டை உருவாக்கிப் பார்த்தனர். கருவளர்ச்சியின் தொடக்க நிலைச் செல்களில் இயக்கினால் குரோமோசோம் அணைகிறது. அதே காலத்துக்குள் நிறுத்தினால் மீள்கிறது. காலம் கடந்தபின் இயக்கினால் பலனில்லை. 2002இல் அவர்களே அந்த ஆர்.என்.ஏவின் முன்பகுதியில் உள்ள ‘ஏ’ என்ற தொடர்வரிசையை மட்டும் நீக்கினர். ஆர்.என்.ஏ வழக்கம்போல உருவாகிக் குரோமோசோமின்மேல் படர்ந்தது, ஆனால் மரபணுக்கள் அணையவில்லை. படியெடுப்பு நடக்கிறது, ஆர்.என்.ஏ இருக்கிறது, ஒரு சிறு பகுதி மட்டும் இல்லை, அந்த ஒரு செயல் மட்டும் நின்றுவிடுகிறது. பணி மூலக்கூறினுடையதே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

2013இல் ஜீன் லாரன்ஸின் குழு, டவுன் நோய்க்குறி உள்ளவரின் செல்களில் கூடுதலாக உள்ள 21ஆம் குரோமோசோமில் எக்ஸிஸ்ட் மரபணுவைச் செருகியபோது அந்தக் குரோமோசோமும் அணைந்தது. இது ஆய்வுக்கலத்தில் நிகழ்ந்தது, சிகிச்சை அல்ல. 2015இல் வெவ்வேறு முறைகளைக் கையாண்ட ஆய்வகங்கள் தனித்தனியே ஒரே புரதத்தைச் சென்றடைந்தன. எக்ஸிஸ்ட்டுடன் சேர்ந்து மரபணுக்களை அணைப்பது ஸ்பென் என்ற புரதம்.

இத்தனை உறுதியான கதையிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. பி.ஆர்.சி-2 என்பது ஹிஸ்டோன் புரதத்தில் அணைப்புக் குறியை இடும் ஒரு புரதத் தொகுப்பு. எக்ஸிஸ்ட்டின் ‘ஏ’ பகுதி அதை நேரடியாகப் பிடித்து அழைத்துவருகிறது என்று 2008இல் முன்மொழியப்பட்டது. பின்னர் வந்த சோதனைகளில் அந்த வருகை வேறு புரதங்களின் வழியே மறைமுகமாக நிகழ்வதாகத் தெரிந்தது. எக்ஸிஸ்ட்டுக்கு இது சிறு திருத்தம். அடுத்து வரும் ஆர்.என்.ஏவின் புகழோ இதே பி.ஆர்.சி-2வை நம்பித்தான் நின்றது.

ஹாட்டேர்: ஒரு படம் கலைந்த விதம்

ஜான் ரின், ஹோவர்ட் சாங் குழுவினர் 2007இல் ‘செல்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. உடலின் எந்தப் பகுதி எங்கே அமைய வேண்டும் என்பதை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் மனிதரில் நான்கு தொகுதிகளாக உள்ளன. அவற்றின் இடையிலிருந்து 231 குறியாக்கமற்ற ஆர்.என்.ஏக்கள் படியெடுக்கப்படுவதை அவர்கள் கண்டனர். அவற்றுள் ஒன்று 12ஆம் குரோமோசோமின் ஹாக்ஸ்-சி தொகுதியில் பிறக்கும் 2,200 நியூக்ளியோடைடு ஆர்.என்.ஏ. தோல் நார்ச்செல்களில் குறுக்கீட்டு ஆர்.என்.ஏவைச் செலுத்தி அதன் அளவைக் குறைத்தபோது, வேறொரு குரோமோசோமில், அதாவது 2ஆம் குரோமோசோமில் உள்ள ஹாக்ஸ்-டி மரபணுக்கள் விழித்துக்கொண்டன. ஓரிடத்தில் பிறந்த ஆர்.என்.ஏ தொலைவிலுள்ள மற்றோர் இடத்துக்குப் பி.ஆர்.சி-2வை அழைத்துச் சென்று அணைக்கிறது என்பது முடிவு. அதற்கு ஹாட்டேர் என்று பெயரிட்டனர். ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு வெற்றுப் பேச்சு என்றும் பொருள் உண்டு. பெயரிட்டவர்களின் அந்த வேடிக்கை பின்னாளில் எதிராளிகளுக்குப் பயன்பட்டிருக்கும்.

2010இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஹாட்டேரின் ஒரு முனை பி.ஆர்.சி-2வையும் மறுமுனை எல்.எஸ்.டி-1 என்ற மற்றொரு நொதியையும் தாங்குகிறது என்றது ஒன்று. சாரம் என்ற வகைக்கு இன்றும் காட்டப்படும் வண்ணப்படம் இதிலிருந்து வந்ததே. மார்பகப் புற்றுக்கட்டிகளில் ஹாட்டேர் மிகுந்திருந்தால் நோய் பரவலும் இறப்பும் கூடுதல் என்றது ‘நேச்சர்’ இதழில் வந்த மற்றொன்று. அதன்பின் ஏறக்குறைய ஒவ்வொரு புற்றுவகைக்கும் ஒரு ஹாட்டேர் கட்டுரை வரத் தொடங்கியது.

டெனி டுபூல் ஹாக்ஸ் மரபணுக்களையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். 2011இல் அவரும் ஷோர்டெரேயும், ஹாக்ஸ்-சி தொகுதி முழுவதும் நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவற்றில் ஹாட்டேரும் இல்லை. ஹாக்ஸ்-டி மரபணுக்கள் விழித்திருக்க வேண்டும். குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. சுண்டெலியின் ஹாட்டேர் மனித ஹாட்டேரிலிருந்து வரிசையமைப்பில் வெகுவாக விலகியிருப்பதால், மனிதரில் வேறு மாதிரி இருக்கலாம் என்ற விளக்கத்துக்கு இடமிருந்தது. 2013இல் சாங் குழு ஹாட்டேரை மட்டும் நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கி, முதுகெலும்பிலும் மணிக்கட்டிலும் மாற்றங்களைக் கண்டதாக அறிவித்தது. 2016இல் டுபூல் குழு அதே நீக்கத்தைக் கொண்ட சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்து, அந்த மாற்றங்கள் தங்களுக்குத் தெரியவில்லை என்றும், எஞ்சிய சிறு விளைவுகளும் டி.என்.ஏ நீக்கத்தாலேயே வந்திருக்கலாம் என்றும் எழுதியது. சாங் தரப்பு, சுண்டெலிகளின் மரபுப் பின்னணி வேறுபாட்டைச் சுட்டி மறுத்தது. ஒரே எலி, ஒரே நீக்கம், இரு முடிவுகள்.

இதற்கிடையே அடித்தளமும் ஆடத் தொடங்கியிருந்தது. நோபல் பரிசு பெற்ற ஆர்.என்.ஏ வேதியியலாளர் தாமஸ் செக்கின் ஆய்வகம் 2013இல், பி.ஆர்.சி-2 எந்த ஆர்.என்.ஏவோடும் ஒட்டிக்கொள்கிறது, அதில் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏயும் அடங்கும் என்று காட்டியது. எல்லோருடனும் கைகுலுக்குபவர் ஒருவருடன் கைகுலுக்கினார் என்பதை வைத்து அவர்கள் கூட்டாளிகள் என்று சொல்லிவிட முடியாது. 2017இல் ரஃபேல் மார்கெரோனின் குழு ஹாட்டேரைச் செயற்கையாக ஒரு மரபணுவின் அருகே கட்டிவைத்துப் பார்த்தது. மரபணு அணைந்தது, ஆனால் பி.ஆர்.சி-2 இல்லாத செல்லிலும் அணைந்தது. மார்பகப் புற்றுச் செல்களில் ஹாட்டேரை மிகுதியாக உற்பத்தி செய்தபோதும் மரபணு வெளிப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. 2024இல் மிட்செல் குட்மனின் குழு, புரதப் பிணைப்புகள் அனைத்தையும் கலைத்துவிடும் கடுமையான சூழலில் தூய்மைப்படுத்திப் பார்த்தபோது, உயிருள்ள செல்லில் பி.ஆர்.சி-2 ஆர்.என்.ஏவுடன் நேரடியாகப் பிணைவதாகவே தெரியவில்லை என்று எழுதியது.

அறிவியலில் ஒரு கருதுகோள் இப்படித் தளர்வது இயல்பு. 2007இன் ஆய்வாளர்கள் அன்றிருந்த கருவிகளைக் கொண்டு நேர்மையாகச் சோதித்தார்கள். வியப்பூட்டும் கேள்வியை எழுப்பியவர்களும் அவர்களே. குறை சொல்ல வேண்டியது அதன்பிறகு நடந்ததைத்தான். 2011இலும் 2013இலும் எழுந்த மறுப்புகள் சிறப்பு இதழ்களில் தங்கிவிட, சாரத்தின் வண்ணப்படம் பாடநூலுக்கும் வகுப்பறைத் திரைக்கும் சென்றது. இன்று முதலாண்டு மாணவர் ஒருவர் ஹாட்டேர் பி.ஆர்.சி-2வை அழைத்துச் செல்கிறது என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். அது உறுதியாகவில்லை என்று எழுதினால் கிடைக்குமா என்பது ஐயம்.

மூலக்கூறா, படியெடுப்பா, இடமா

ஹாட்டேர் விவாதத்தின் நடுவே ஒரு பொதுக் கேள்வி இருக்கிறது. டி.என்.ஏவில் ஒரு நீள் ஆர்.என்.ஏ மரபணுவை வெட்டி எடுத்தபின் செல்லில் ஒரு மாற்றம் தெரிந்தால், அது எதனால் வந்தது? மூன்று வாய்ப்புகள் உண்டு. ஆர்.என்.ஏ மூலக்கூறு இல்லாததால் வந்திருக்கலாம். பாலிமரேஸ் அவ்வழியே ஓடும் செயல் நின்றதால் வந்திருக்கலாம். அல்லது அந்த டி.என்.ஏ துண்டில் அண்டை மரபணுவைத் தூண்டும் ஓர் இடம் இருந்து, அதுவும் சேர்ந்து போனதால் வந்திருக்கலாம்.

இது வெறும் நுணுக்கவாதம் அல்ல என்பதற்கு ஏர்ன் எடுத்துக்காட்டு. சுண்டெலியில் ஐ.ஜி.எஃப்-2-ஆர் என்ற மரபணுவின் தந்தைவழிப் பிரதியை அணைப்பது ஏர்ன் என்ற மிக நீண்ட ஆர்.என்.ஏ என்று அறியப்பட்டிருந்தது. டெனிஸ் பார்லோவின் குழு 2012இல் அதை வெவ்வேறு நீளங்களில் பாதியிலேயே நிறுத்திப் பார்த்தது. ஐ.ஜி.எஃப்-2-ஆரின் ஊக்குவிப்பான் பகுதியைப் பாலிமரேஸ் கடந்து சென்றாலே போதும், அது அணைகிறது, உருவாகும் ஆர்.என்.ஏ எதுவென்பது பொருட்டல்ல. சாலையில் ஓடும் வண்டி எழுப்பும் தூசிதான் ஏர்ன் ஆர்.என்.ஏ; குறுக்கே வருபவரைத் தடுத்தது வண்டி. எரிக் லேண்டரின் ஆய்வகத்தில் 2016இல் 12 நீள் ஆர்.என்.ஏ இடங்கள் இவ்வாறு பிரித்துச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 5 இடங்கள் அண்டை மரபணுவைப் பாதித்தன. ஐந்தில் ஒன்றிலும் அந்தக் குறிப்பிட்ட ஆர்.என்.ஏ தேவைப்படவில்லை, ஊக்குவிப்பானோ, படியெடுப்போ, வெட்டி ஒட்டும் செயலோதான் விளைவைத் தந்தது.

2017இன் பெரிய ஆய்வு ஒன்றையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். கிரிஸ்பர் முறையால் 16,401 நீள் ஆர்.என்.ஏ இடங்களின் படியெடுப்பை 7 மனித செல்வகைகளில் ஒவ்வொன்றாகத் தடுத்தபோது, 499 இடங்கள் செல் வளர்ச்சிக்குத் தேவை எனத் தெரிந்தது. அவற்றுள் 89 விழுக்காடு ஒரே ஒரு செல்வகையில் மட்டும். ஒவ்வொரு செல்வகையும் தனக்கென ஒரு தொகுப்பைப் பயன்படுத்துகிறது என்ற முடிவு மதிப்புள்ளது. ஆனால் இந்த முறை படியெடுப்பைத் தொடக்கத்திலேயே தடுக்கிறது. மேற்சொன்ன மூன்று வாய்ப்புகளையும் அது தனித்தனியே பிரித்துக் காட்டாது.

நுண் ஆர்.என்.ஏக்களை நீள் ஆர்.என்.ஏ பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்கிறது என்ற கருத்து 2011இல் முன்வைக்கப்பட்ட பிறகு, ‘இந்த நீள் ஆர்.என்.ஏ அந்த நுண் ஆர்.என்.ஏவை உறிஞ்சி மற்றந்த மரபணுவைக் கூட்டுகிறது’ என்ற ஒரே வார்ப்பில் ஏராளமான கட்டுரைகள் வந்தன. பெயர்களை மட்டும் மாற்றி நிரப்பிய படிவங்களாகவே அவற்றில் பல இருந்தன. கணிசமானவை பின்னர் இதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. 2014இல் டென்ஸ்லர், ஸ்டோஃபல், பார்டல் ஆகியோர் கல்லீரல் செல்களில் அளந்து காட்டிய கணக்கு போதும்: விளைவு தெரிய வேண்டுமானால் ஒரு செல்லில் லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுதல் பிணைப்பிடங்கள் வேண்டும். ஒரு செல்லுக்குச் சில மூலக்கூறுகளே உள்ள ஆர்.என்.ஏ கடலை உறிஞ்சும் பஞ்சு ஆகாது.

நோயாளிக்கு இதில் என்ன

மாலட்-1 நுரையீரல் புற்று பரவலோடு தொடர்புடையதாக 2003இல் அறியப்பட்டது. செல்லில் மிகுதியாக உள்ளது, பாலூட்டிகளிடையே நன்கு காக்கப்பட்டது. தவிர்க்க முடியாத பணி ஒன்று இதற்கு இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். 2012இல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே மாலட்-1 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கின. அவை இயல்பாகப் பிறந்து, வளர்ந்து, இனம் பெருக்கின. கூண்டில் வேளாவேளைக்கு உணவு உண்ணும் எலிக்குத் தெரியாத குறை, நோயிலோ நெருக்கடியிலோ வெளிப்படலாம் என்பது நியாயமான பதில். ஆகவே புற்றில் பார்த்தனர். 2016இல் டேவிட் ஸ்பெக்டரின் குழு, மார்பகப் புற்று உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளில் மாலட்-1ஐ மரபணு நீக்கத்தாலும், அதைத் தேடிப் பிடித்து அழிக்கும் ஆன்டிசென்ஸ் துண்டுகளாலும் குறைத்தபோது புற்றின் பரவல் குறைந்தது என்றது. 2018இல் லி மாவின் குழு, அதே வகைப் புற்றுச் சுண்டெலியில், அண்டை மரபணுக்கள் கெடாதபடி மாலட்-1ஐ முடக்கியபோது பரவல் கூடியது, திரும்பக் கொடுத்தபோது குறைந்தது என்றது. ஒன்று சரியானால் மாலட்-1ஐ அழிக்கும் மருந்து உயிர்காக்கும். மற்றது சரியானால் அதே மருந்து நோயைப் பரப்பும்.

பயன்பாட்டுக்கு எப்போதும் பணி தெரிந்தாக வேண்டும் என்பதும் இல்லை. பி.சி.ஏ-3 என்ற நீள் ஆர்.என்.ஏ புராஸ்டேட் புற்றுச் செல்களில் மிகுந்து காணப்படுகிறது. சிறுநீரில் அதன் அளவைப் பார்க்கும் சோதனைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் ஒப்புதல் அளித்தது. அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது அந்தச் சோதனைக்குப் பொருட்டே இல்லை. நோயின் அடையாளமாக இருப்பது வேறு, நோயின் காரணமாக இருப்பது வேறு. ‘நோயில் இதன் அளவு மாறுகிறது’ என்பதிலிருந்து ‘இது நோயை உண்டாக்குகிறது’ என்பதற்குத் தாவும் கட்டுரைகளைப் படிக்கும்போது மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது பி.சி.ஏ-3.

காரணமாகவே இருப்பதற்கு மனிதரிடமிருந்து வந்த வலுவான எடுத்துக்காட்டு 2024இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. 15ஆம் குரோமோசோமில் சி.எச்.டி-2 என்ற மரபணுவுக்குச் சற்று முன்னால் சேசர் என்ற நீள் ஆர்.என்.ஏ மரபணு இருக்கிறது. கடுமையான நரம்பு வளர்ச்சிக் குறைபாடு கொண்ட மூவரிடம் சேசரின் ஒரு பிரதி நீங்கியிருந்தது, சி.எச்.டி-2 மரபணு கெடாமல் இருந்தும், அதன் அளவு மிகுந்திருந்தது. இகோர் உலிட்ஸ்கியின் குழு 2019இல் சுண்டெலியில் இதே உறவைக் கண்டிருந்தது: சேசர் குறைந்தால் அருகிலுள்ள சி.எச்.டி-2 கூடுகிறது, இரு பிரதிகளும் போனால் எலி பிழைப்பதில்லை.

இங்கும் மூவரிடம் நீங்கியிருப்பது டி.என்.ஏ. எனவே மூலக்கூறா, படியெடுப்பா, இடமா என்ற கேள்வி அப்படியே வந்து நிற்கிறது, இந்த முறை ஒரு குடும்பத்தின் வாசலில். பணி மூலக்கூறினுடையது, அதுவும் எங்கிருந்து வந்தாலும் வேலை செய்யும் என்றால், இழந்த ஆர்.என்.ஏவை வெளியிலிருந்து தருவதைப் பற்றி யோசிக்கலாம். அந்த இடத்தில் நிகழும் படியெடுப்புதான் சி.எச்.டி-2ஐ அடக்கி வைத்தது என்றால், வெளியிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ தந்தாலும் பயன் இல்லை. எதிர்ப்பக்கத்திலும் நோயாளிகள் இருக்கிறார்கள். சி.எச்.டி-2வின் ஒரு பிரதியை இழந்து வலிப்பும் அறிவுத்திறன் குறைபாடும் கொண்ட குழந்தைகள் அவர்கள். சேசரை அளவாகக் குறைத்தால் அவர்களிடம் எஞ்சியுள்ள பிரதி கூடுதலாக உழைக்கக்கூடும் என்ற எண்ணம் உண்டு. எந்த அளவுக்குக் குறைக்கலாம் என்பதற்கு அந்த மூவரின் நிலைதான் எச்சரிக்கைக் கோடு.